எம்.பி.யிடம் எதைக் கேட்பது? கேள்வியா, ஜீரோ ஹவரா, 377-ஆ, மனுவா?

எங்கள் ஊர்ப் பயணிகள் சங்கத்துக்கு வருகிற பேச்சில் பாதி, "எம்.பி.ய பார்லிமென்ட்ல பேசச் சொல்லுங்க" என்பதில்தான் வந்து நிற்கும். சொல்லலாம், ஆனால் எதில் பேசச் சொல்வது என்று திருப்பிக் கேட்டால் கேட்டவர் விழிப்பார். நானும் ஒரு காலத்தில் விழித்தவன்தான். முதல் தடவை எம்.பி. அலுவலகத்துக்குப் போனபோது எங்கள் கையில் நான்கு பக்க மனு இருந்தது. ரயில் நிறுத்தம், பேருந்து நிலையக் கழிப்பறை, ரேஷன் கடைத் தராசு, ஏரி ஆக்கிரமிப்பு என்று ஊர்ப் பிரச்சினை மொத்தத்தையும் அதில் கொட்டி, கீழே நாற்பது கையெழுத்து வாங்கியிருந்தோம். எம்.பி.யின் உதவியாளர் பொறுமையாக வாசித்துவிட்டு, "அண்ணே, இதுல எது சென்ட்ரல், எது ஸ்டேட்?" என்றார். அவ்வளவுதான், நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு நாலைந்து வருடமாக அந்த உதவியாளரோடு உட்கார்ந்து கேள்வி எழுதி, அடித்து, திருத்தி, ஏதோ கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நாடாளுமன்றத்தில் ஒரு விஷயத்தை எழுப்புவதற்கு ஏழெட்டு வழி இருக்கிறது, ஒவ்வொன்றிலும் கிடைப்பது வேறு வேறு. ரேஷன் கடைக்குப் போய் மண்ணெண்ணெய் கேட்க வேண்டியவர் மளிகைக் கடையில் நின்று சண்டை போடுவது மாதிரிதான் பல சங்கங்கள் நடந்துகொள்கின்றன.

உதாரணம் ஒன்றை வைத்துக்கொண்டால் பேச வசதி. தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் இருந்த லெவல் கிராசிங்கை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை கட்டியிருக்கிறார்கள், ஐப்பசி மழையில் அதில் தண்ணீர் நிற்கிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இப்படி ஒரு இடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ரயில்வே ஒன்றிய அரசின் பட்டியலில் இருக்கிறது, ஆகவே நாடாளுமன்றத்துக்குப் போகலாம். ஆனால் சுரங்கப்பாதைக்கு வரும் சாலையும், தண்ணீர் போய்ச் சேர வேண்டிய வாய்க்காலும் மாநில அரசு அல்லது உள்ளாட்சியின் கையில் இருக்கும். அந்தப் பகுதியை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனால் "மாநில அரசைக் கேளுங்கள்" என்று ஒரு வரியில் திரும்பி வரும். முதலில் இதைப் பிரித்துக்கொள்ளாமல் எந்த வழியில் போனாலும் வீண்.

அடுத்தது, உங்களுக்கு வேண்டியது என்ன? தகவலா, அமைச்சரின் வாயிலிருந்து ஒரு வாக்குறுதியா, ஊரும் பத்திரிகையும் பார்க்கிற மாதிரி ஒரு சத்தமா, இல்லை சட்டமே மாற வேண்டுமா? தேர்வைத் தீர்மானிப்பது இதுதான்.

தகவல் மட்டும்தான் வேண்டும் என்றால் நாடாளுமன்றம் வரைக்கும் போகவே வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுதிப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். நாங்கள் எப்போதும் முதலில் அதைச் செய்துவிடுகிறோம், ஏனென்றால் எம்.பி.யிடம் போகும்போது கையில் ஒரு காகிதம் இருந்தால் மரியாதையே வேறு. ஆனால் அந்தப் பதில் ஒரு பொதுத் தகவல் அலுவலரின் பதில். அவையில் வருகிற பதில் அமைச்சரின் பெயரில் வருகிறது, அவைக்குறிப்பில் ஏறி நிரந்தரமாக நிற்கிறது, தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் உரிமை மீறல் பிரச்சினையாகிவிடும். அதனால் அமைச்சகத்தில் அந்தக் கோப்பு கீழிருந்து மேலே போய் வருகிறது. டெல்லியிலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது என்றதும் ரயில்வே கோட்ட அலுவலகம் வரை போன் பறக்கும். என் கணக்கில் பாதிப் பலன் அந்தப் போனிலேயே கிடைத்துவிடுகிறது.

இனிக் கேள்விகள். நட்சத்திரக் குறியிட்டது, குறியிடாதது என்று இரண்டு வகை. குறியிட்டதற்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். குறியிடாததற்கு எழுத்தில் மட்டும் பதில் வரும். மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்வி, 230 நட்சத்திரமில்லாத கேள்வி. மாநிலங்களவையில் 15-ம் 160-ம். மக்களவையில் பட்டியல் அச்சடிப்பதில்கூட நிற வித்தியாசம் உண்டு, நட்சத்திரம் பச்சைத் தாளில், மற்றது வெள்ளைத் தாளில். யாருடைய கேள்வி பட்டியலில் ஏறும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். எம்.பி. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் குலுக்கலில் சிபாரிசு செல்லாது. ஒரு உறுப்பினர் பெயரில் ஒரு நாளுக்கு ஒரு நட்சத்திரக் கேள்விதான்.

சங்கத்துக்காரர்கள் எல்லோரும் நட்சத்திரத்துக்குத்தான் ஆசைப்படுவார்கள். டிவியில் வரும், எம்.பி. எழுந்து கேட்பார், அமைச்சர் தடுமாறுவார் என்று மனதில் ஒரு படம் ஓடும். நடப்பது வேறு. கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான், அதற்குள் 20 கேள்வியில் நாலைந்துதான் வாய்வழியாக எடுத்துக்கொள்ளப்படும். பட்டியலில் இருந்த இருபதையும் ஒரே நாளில் முடித்தது 2019 நவம்பர் 27-ம் தேதி. அதற்கு முன் அப்படி நடந்தது 1972-ல் என்று அன்றைக்குச் சபாநாயகரே சொன்னார். அதாவது 47 வருடம் கழித்து. உங்கள் கேள்வி பதினோராவதாக வந்தால் அதற்கும் எழுத்துப்பூர்வ பதில்தான். அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டாலும் அப்படித்தான். ஆக நட்சத்திரம் கிடைத்தும் கடைசியில் நட்சத்திரமில்லாத பதிலோடுதான் பலரும் ஊர் திரும்புகிறார்கள்.

ஆனால் முதல் ஐந்துக்குள் வந்து விழுந்துவிட்டால் அதற்கு ஈடு எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமைச்சர் முன்கூட்டியே எழுதிக்கொண்டு வந்த பதிலை வைத்துத் தப்பிக்க முடியாது. கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்வி, அதன்பின் சபாநாயகர் அனுமதித்தால் மற்றவர்களும் நுழையலாம். முந்த்ரா விவகாரம் 1957-ல் நாடாளுமன்றத்துக்குள் வந்தது இந்த மாதிரிக் கேள்வியாகத்தான். எல்.ஐ.சி.யின் பணம் முந்த்ரா என்ற ஒரு தனியாரின் நிறுவனங்களில் போடப்பட்டது குறித்து எழுந்த கேள்வி, எம்.பி. பெரோஸ் காந்தி டிசம்பரில் எழுப்பிய விவாதம், சாக்ளா விசாரணை ஆணையம் என்று வளர்ந்து, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்ததில் முடிந்தது. சுரங்கப்பாதைத் தண்ணீருக்கு யாரும் ராஜினாமா செய்யப் போவதில்லை, அது வேறு.

எங்கள் அனுபவத்தில் ஊர்ப் பிரச்சினைக்கு முதல் வழி நட்சத்திரமில்லாத கேள்விதான். குறைந்த அலைச்சல், குலுக்கலில் இடம் கிடைக்க அதிக வாய்ப்பு, அவை நடக்கிறதோ இல்லையோ பதில் வந்துவிடும். கொரோனா காலத்தில், 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள், அப்போதும் இந்த எழுத்துப்பூர்வக் கேள்விகளுக்குப் பதில் வந்துகொண்டுதான் இருந்தது. பதில் எல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் ஏறிவிடுவதால் யார் வேண்டுமானாலும் தேடி எடுத்து உள்ளூர் நிருபர் கையில் கொடுக்கலாம்.

எழுதுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எங்கள் சங்கச் செயலாளர், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், முதலில் எழுதிக் கொண்டுவந்தது இப்படி: "முழங்கால் அளவு தண்ணீரில் எங்கள் பிள்ளைகள் நீச்சல் பழகிக்கொண்டிருப்பது மாண்புமிகு அமைச்சருக்குத் தெரியுமா?" வாசித்ததும் எல்லோரும் கைதட்டினோம். உதவியாளர் கைதட்டவில்லை. கேள்வியில் வாதம், ஊகம், கிண்டல், அடைமொழி, யார் மீதும் பழி எதுவும் இருக்கக்கூடாது என்று மக்களவை நடைமுறை விதி 41 சொல்கிறது. கிண்டல் கூடாது என்று சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். அபிப்பிராயம் கேட்கக்கூடாது. நீதிமன்றத்தில் இருப்பதைக் கேட்கக்கூடாது. ஏற்கெனவே பதில் சொன்னதைத் திருப்பிக் கேட்கக்கூடாது, ஆகவே எழுதுவதற்கு முன் இணையதளத்தில் பழைய பதில்களை ஒரு முறை துழாவிவிடுவது நல்லது.

கடைசியில் போனது இப்படி இருந்தது: (அ) கடந்த ஐந்தாண்டுகளில் தமிழ்நாட்டில் லெவல் கிராசிங்குகளுக்குப் பதிலாகக் கட்டப்பட்ட சுரங்கப்பாதைகள் எத்தனை, மாவட்டவாரியாக, (ஆ) அவற்றில் மழைநீர் தேங்குவதாகக் கண்டறியப்பட்டவை எவை, (இ) நீரை வெளியேற்ற ஒதுக்கிய தொகை, செலவான தொகை, ஆண்டுவாரியாக, (ஈ) வேலை எப்போது முடியும், இல்லையெனில் அதற்கான காரணம். ஆசிரியருக்கு மனசே இல்லை. "இதுல நம்ம ஊரே இல்லையே தம்பி" என்றார். அதுதான் விஷயம். ஒரே ஒரு சுரங்கப்பாதையைப் பற்றிக் கேட்டால் ரொம்ப உள்ளூர்ச் சங்கதி என்று தள்ளிவிடலாம், கிடைத்தாலும் ஒரு வரிப் பதில்தான் வரும். மாவட்டவாரியாகக் கேட்டால் அட்டவணை வரும், அட்டவணையில் நம் ஊர் இருந்தாலும் லாபம், இல்லாவிட்டால் அதைவிட லாபம். தண்ணீர் தேங்குவதே அவர்கள் கணக்கில் இல்லை என்பதற்கு அமைச்சரே ஆதாரம் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

பதிலில் ஒரு தந்திரம் இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நான்கு பிரிவாகக் கேட்டிருப்பீர்கள், "(அ) முதல் (ஈ) வரை:" என்று போட்டு ஒரே பத்தியில் பொதுவாக எதையோ சொல்லி முடித்திருப்பார்கள். எந்தப் பிரிவுக்குப் பதில் வரவில்லை என்று பென்சிலால் குறித்துக்கொண்டால் அடுத்த கேள்வி தானாகக் கிடைத்துவிடும்.

இன்னொரு விஷயம், பலருக்கும் தெரியாதது. பதிலில் "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்பட்டு அவையின் முன் வைக்கப்படும்" என்ற மாதிரிச் சொற்கள் இருந்தால் படித்துவிட்டுக் கடுப்பாகாதீர்கள். அது மழுப்பல் மாதிரி இருந்தாலும் கணக்கில் அது உறுதிமொழி. அதைப் பிடித்து வைப்பதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று மக்களவையில் 1953 டிசம்பரிலிருந்து இருக்கிறது, 15 உறுப்பினர்கள். மாநிலங்களவையிலும் 1972-லிருந்து உண்டு, அங்கே 10 பேர். கொடுத்த உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அமைச்சகம் கூடுதல் அவகாசம் கேட்டு எழுத வேண்டும். அவகாசம் கேட்டுக்கொண்டே வருடக்கணக்கில் இழுப்பதும் நடக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் ஒரு கோப்பு மூடப்படாமல் யாரோ ஒருவர் தலையில் தொங்கிக்கொண்டே இருக்கிறதே, அதுவே நமக்கு லாபம்.

யாரிடம் போவது என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. நம் தொகுதி எம்.பி. என்று மக்களவைக்குத்தான் எல்லோரும் ஓடுவார்கள். தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர். மாநிலங்களவைக்காரரிடம் யாரும் போவதில்லை, அவருக்குத் தொகுதி இல்லையே என்பதால். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மக்களவையில் 543 பேருக்கு ஒரு நாளுக்கு 250 கேள்வி. மாநிலங்களவையில் 245 பேருக்கு 175. ஆளுக்கு எவ்வளவு என்று பார்த்தால் மாநிலங்களவையில் வாய்ப்பு ஒன்றரை மடங்கு. ஆறு வருடப் பதவி, அவை கலைக்கப்படுவதும் கிடையாது. தொகுதிக் கல்யாணம், காதுகுத்து அலைச்சலும் குறைவு. நாங்கள் இப்போது ஒரே கேள்வியைச் சற்று மாற்றி எழுதி இரண்டு அவைக்கும் அனுப்பப் பார்க்கிறோம். உங்கள் எம்.பி. அமைச்சராக இருந்தால் அவரால் கேள்வி கேட்கவே முடியாது என்பதால் அப்போது மாநிலங்களவைதான் கதி, அல்லது பக்கத்துத் தொகுதிக்காரர். ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம், எழுத்துப்பூர்வக் கேள்வியில் அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரிவதில்லை.

சரி, ஜீரோ ஹவர். தமிழ்ப் பத்திரிகைகள் பூஜ்ய நேரம் என்று எழுதும், நம் சட்டமன்றப் பாஷையில் நேரமில்லா நேரம். உறுப்பினர்கள் அவசர விஷயங்களை எழுந்து சொல்கிற நேரம் இது, நடைமுறை விதிப் புத்தகத்தில் இல்லாமலே பழக்கத்தில் வந்து நிலைத்துவிட்ட ஒன்று. மக்களவையில் கேள்வி நேரம் 11 மணிக்கு, அது முடிந்து 12 மணிக்கு இது. மாநிலங்களவையில் 2014 நவம்பரிலிருந்து தலைகீழ், இது 11 மணிக்கு, கேள்வி நேரம் 12 மணிக்கு. கேள்விக்கு மாதிரி பதினைந்து நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டியதில்லை, அதுதான் இதன் பலம். ராமேசுவரம் மீனவர்கள் நேற்றிரவு கைதானார்கள் என்றால் அதற்கு இதைவிட்டால் வேறு வழி பொருந்தாது; தமிழ்நாட்டு எம்.பி.க்கள் ஆண்டாண்டாக அந்தப் பிரச்சினையை இதில் எழுப்பி வருவதற்கும் அதுதான் காரணம். புயல், விபத்து, திடீர் ஆலை மூடல் எல்லாம் இந்த ரகம்.

ஆனால் அமைச்சர் பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒன்றிரண்டு நிமிடம், அதற்குள் மைக் போய்விடும். மாநிலங்களவையில் மூன்று நிமிடம். 2019 ஜூலை 18 அன்று மக்களவையில் இந்த நேரத்தை நீட்டி ஒரே நாளில் 160-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைப் பேச விட்டார்கள். நல்ல காரியம்தான், ஆனால் 160 பேர் பேசியதில் ஒரு சுரங்கப்பாதை யார் காதில் தங்கும்? வீடியோ கிடைக்கும், எம்.பி.யின் பக்கத்தில் அன்று மாலையே ஏறிவிடும், நம் வாட்ஸ்அப் குழுவில் நூறு கும்பிடு விழும், அப்புறம் மழை வந்தால் தண்ணீர் அதே முழங்கால் அளவுதான். எம்.பி.க்களுக்கு இது பிடிப்பதற்கும் அந்த வீடியோதான் காரணம் என்பது என் சொந்த அபிப்பிராயம். சங்கமே ஜீரோ ஹவரைக் கேட்டு நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழிலேயே பேசலாம், மொழிபெயர்ப்பு வசதி இருக்கிறது என்பது மட்டும் மனதுக்கு இதம்.

அதே மாதிரி ஆனால் அதைவிடப் பிரயோஜனமானது விதி 377. பெயரே எண்ணாக இருப்பதால் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. வேறு எந்த விதியிலும் அடங்காத விஷயத்தை எழுப்ப மக்களவையில் இது ஒரு வாசல். சுமார் 250 சொல்லில் ஒரு பத்தி, உறுப்பினர் வாசிக்கலாம் அல்லது அவையில் வைத்துவிடலாம். ஒருவருக்கு வாரத்துக்கு ஒன்று. கேள்வியில் சொல்ல முடியாததை, அதாவது இந்தக் கிராமம், இந்தக் கிலோமீட்டர், இத்தனை பிள்ளைகள், இத்தனை நாள் தண்ணீர், எங்களுக்கு மோட்டாரும் வடிகாலும் வேண்டும் என்று நேராகக் கோரிக்கையாகவே இதில் எழுதலாம். ஊர்ப் பெயர் போட்டு எழுதலாம் என்பதால் ஆசிரியருக்கு இதுதான் உயிர். அமைச்சகம் ஒரு மாதத்துக்குள் எம்.பி.க்குக் கடிதமாகப் பதில் அனுப்ப வேண்டும் என்பது நடைமுறை. அந்தக் கடிதத்தை வாங்கி நகல் எடுத்து வைத்துக்கொள்ள மறந்துவிடாதீர்கள். மாநிலங்களவையில் இதற்கு இணையானது சிறப்புக் குறிப்பு, அங்கும் 250 சொல்தான்.

நட்சத்திரமில்லாத கேள்விக்கும் 377-க்கும் நடுவில் எதை முதலில் என்று என்னைக் கேட்டால், கேள்வி முதலில், 377 அப்புறம். கேள்வியில் வருகிற எண்ணை வைத்து 377-ஐ எழுதினால் அந்தப் பத்தி கனமாகிவிடும். "அமைச்சகமே கொடுத்த கணக்கின்படி" என்று ஆரம்பிக்கிற பத்தியை ஓரமாக வைப்பது கஷ்டம். மாற்றிச் செய்தால், அதாவது கோரிக்கையை முதலில் வைத்தால், "கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது, சாத்தியமில்லை" என்று ஒரு கடிதம் வந்து விழும், அதன்பின் அந்தக் கடிதத்தைக் காட்டியே எல்லோரும் கதவை மூடுவார்கள். ஒரு தடவை நாங்கள் அப்படி மாட்டிக்கொண்டோம், அவசரம் எங்களுடையதுதான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

கேள்விக்கு வந்த பதில் போதவில்லை, விஷயமும் பெரியது என்றால் அரைமணி நேர விவாதம் என்று ஒன்று கேட்கலாம். விதி 55. திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் என்று விதியில் இருக்கிறது, நடப்பது அபூர்வம். கவன ஈர்ப்பும் அப்படித்தான். அமைச்சர் அறிக்கையே வாசிக்க வேண்டும் என்பதால் நல்ல ஆயுதம், ஆனால் மாநிலம் தழுவிய பிரச்சினையாக இருந்தால்தான் இடம் கிடைக்கும். ஒத்திவைப்புத் தீர்மானமெல்லாம் அரசையே கண்டிக்கிற சமாச்சாரம், கட்சித் தலைமைகள் பார்த்துக்கொள்ளட்டும்.

மனுக்கள் குழுவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இருப்பதிலேயே மக்கள் அதிகம் பயன்படுத்தாமல் விட்டுவிட்ட வழி இதுதான் என்று நினைக்கிறேன். மற்ற எல்லாவற்றிலும் எம்.பி. பேசுவார், நாம் வெளியே நிற்போம். இதில் மனுதாரர் நாமே. அவையை விளித்து மனு எழுதி, எம்.பி. ஒருவர் அதில் மேலொப்பமிட்டு அவையில் தாக்கல் செய்ய வேண்டும். மக்களவைக் குழுவில் 15 பேர், மாநிலங்களவையில் 10 பேர், அமைச்சர் யாரும் இருக்க முடியாது. குழு அமைச்சக அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கலாம், மனுதாரரையும் கூப்பிட்டுக் கேட்கலாம். ஓய்வுபெற்ற படைவீரர்களின் "ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்" கோரிக்கை இப்படித்தான் மாநிலங்களவை மனுக்கள் குழுவுக்குப் போனது. பகத் சிங் கோஷியாரி தலைமையில் இருந்த அந்தக் குழு 2011 டிசம்பரில் கோரிக்கை நியாயம் என்று அறிக்கை கொடுத்தது. உடனே எதுவும் நடந்துவிடவில்லை, அரசாணை வந்தது 2015-ல். நடுவில் போராட்டம், தேர்தல் எல்லாம் ஓடியது. ஆனால் அந்த நான்கு வருடமும் பேசிய ஒவ்வொருவர் கையிலும் அந்த அறிக்கை இருந்தது.

சிரமங்களும் உண்டு. மனு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும், தமிழில் எழுதினால் மொழிபெயர்ப்பையும் கையெழுத்துப் போட்டு இணைக்க வேண்டும். மனுவோடு கடிதம், போட்டோ, பிரமாணப் பத்திரம் எதையும் ஒட்டக்கூடாது, இது நம் ஆட்களுக்கு ரொம்பக் கஷ்டம், அரை அடி உயரத்துக்கு இணைப்பு வைக்காவிட்டால் நமக்கு மனு கொடுத்த மாதிரியே இருக்காது. நேரமும் பிடிக்கும், மாதக்கணக்கு இல்லை, வருடக்கணக்கு. ஆகவே ஒரு சுரங்கப்பாதைக்கு இது தேவையில்லை. லெவல் கிராசிங்கை மூடுகிற இடங்களில் வடிகால் வசதியை முடிக்காமல் பாதையைத் திறக்கக்கூடாது என்று நாடு முழுக்க ஒரு விதி வர வேண்டும் என்றால், இதுதான் இடம். நாலைந்து மாவட்டச் சங்கங்கள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

அமைச்சகங்களின் வேலையைப் பார்க்கிற நிலைக்குழுக்கள் இருபத்து நான்கு இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 என்று 31 பேர், ரயில்வேக்குத் தனிக் குழு. மானியக் கோரிக்கைகளை, அதாவது அமைச்சகங்கள் செலவுக்குக் கேட்கிற தொகையை, வரி வரியாகப் பார்ப்பது இங்கேதான், அவையில் ஒன்றிரண்டு அமைச்சகத்தின் மானியத்தை விவாதித்துவிட்டு மற்றதை மொத்தமாக நிறைவேற்றி முடித்துவிடுவார்கள். தனி ரயில்வே பட்ஜெட் 2017-ல் பொது பட்ஜெட்டோடு சேர்ந்துவிட்டதால் முன்பு மாதிரி ரயிலுக்கென்று ஒரு திருவிழா நாளும் கிடையாது. குழுவில் உங்கள் பகுதி எம்.பி. யாராவது உறுப்பினராக இருக்கிறாரா என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இருந்தால் அவருக்கு இரண்டு பக்கக் குறிப்பு கொடுங்கள். கூட்டம் மூடிய அறையில் நடப்பதால் கட்சிச் சண்டை குறைவு, கேள்வி கூர்மையாக வரும்.

தனிநபர் மசோதா, அதாவது அமைச்சராக இல்லாத எம்.பி. கொண்டுவருகிற மசோதா, வேண்டும் என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் இரண்டரை மணி நேரம் தனிநபர் அலுவலுக்கென்று இருக்கிறது, ஒரு வெள்ளி மசோதா, அடுத்த வெள்ளி தீர்மானம். சுதந்திரத்துக்குப் பிறகு சட்டமானவை மொத்தம் 14, கடைசியாக ஆனது 1970-ல். அதன்பின் ஒரு அவையிலாவது நிறைவேறியதற்கு உதாரணம் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா, 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது, மக்களவையில் நிறைவேறவில்லை. பின்னால் 2019-ல் அரசு தன் சொந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது, அதன்மேல் திருநர் அமைப்புகளுக்கு நிறைய வருத்தம் இருக்கிறது. ஒரு உரிமையை நாட்டின் பேச்சுக்குள் கொண்டுவர இது வழி. வாய்க்கால் தூர்வாருவதற்கு இல்லை.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். இதில் எதற்கும் காசு கிடையாது. "கேள்வி போட இவ்வளவு ஆகும்" என்று யாராவது நடுவில் நின்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக ரகசியக் கேமராவில் சிக்கி 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவியிழந்தார்கள், பத்துப் பேர் மக்களவை, ஒருவர் மாநிலங்களவை.

இப்போது எங்கள் வரிசை இதுதான்: தகவல் உரிமை மனு, அதில் வந்ததை வைத்து நட்சத்திரமில்லாத கேள்வி இரண்டு அவையிலும், அந்த எண்ணை வைத்து 377. எம்.பி.க்கு ஆர்வம் இருந்தால் நட்சத்திரமும் போட்டுப் பார்க்கலாம், குலுக்கல்தானே. ஆள் சாகிற மாதிரி ஏதாவது நடந்துவிட்டால் மட்டும் ஜீரோ ஹவர். கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டால் நிலுவையில் இருக்கிற நோட்டீஸெல்லாம் காலாவதியாகிவிடும், அடுத்த தொடரில் முதலிலிருந்து எழுத வேண்டும், ஆகவே தேதியில் கவனம் வேண்டும். மக்களவையில் ரயில்வேக் கேள்விக்கு வழக்கமாகப் புதன்கிழமை, மாநிலங்களவையில் வெள்ளி. கேள்விக்கு முழுதாகப் பதினைந்து நாள் இடைவெளி வேண்டும், கொடுக்கிற நாளும் பதில் வருகிற நாளும் அதில் சேராது.

போன வாரம் உதவியாளரிடம் போனில் பேசினேன். "டிசம்பர் 17 புதன்கிழமை பதில் வேணும்னா ஒண்ணாம் தேதிக்குள்ள நோட்டீஸ் போயிருக்கணும்ணே. நீங்க நவம்பர் 25-க்குள்ள எனக்கு அனுப்பிடுங்க, ஒரே பக்கத்துல. வாத்தியார்கிட்ட சொல்லிடுங்க, நீச்சல் வேண்டாம்னு."